கோடையில் பொடியாகும் மயில்சிகை மழையில் பச்சையாவது எப்படி? செல்லுக்குள் நடப்பது என்ன, பள்ளியில் அளக்க வழி என்ன?

நாகமலை_உயிரியல் எழுதியது:

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு திட்டப்பணி கொடுக்கலாம் என்று இருக்கிறோம். மதுரைக்குப் பக்கத்துச் சமணர் மலை, நாகமலைப் பக்கம் பாறை இடுக்கிலும் பழைய கிணற்றுச் சுவர்களிலும் மயில்சிகைப் பெரணி நிறைய உண்டு. சித்திரை வெயிலில் அந்த இலையை விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்தால் பொடியாக உதிர்கிறது. ஒரு கோடைமழை பெய்து ஒன்றிரண்டு நாளில் போய்ப் பார்த்தால் பச்சையாக விரிந்து நிற்கிறது. புதுத்துளிர் இல்லை, அதே பழைய இலை.

மூன்று சந்தேகங்கள். இப்படிக் காய்ந்த செல்லில் புரதமும் சவ்வும் சிதையாமல் எது காப்பாற்றுகிறது? பல இடங்களில் "ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள், அது போதுமா? இரண்டாவது, ஃப்ளூரோமீட்டர் (பச்சையத்தின் ஒளிர்வை அளப்பது) மாதிரி கருவி எதுவும் இல்லாத பள்ளி ஆய்வகத்தில் இதை எண்ணாக அளந்து காட்ட முடியுமா? மூன்றாவது, பிள்ளைகளின் வீடுகளில் பாதி மானாவாரி விவசாயம். "இந்தக் குணத்தை நெல்லுக்குக் கொண்டுவரலாமா சார்" என்று கட்டாயம் கேட்பார்கள். என்ன சொல்வது?

---

உலர்செல் பதில்:

சார், வறட்சியைத் தாங்குவது வேறு, அடியோடு காய்ந்து மீள்வது வேறு. கள்ளி, கற்றாழை, கருவேலம் எல்லாம் உள்ளே இருக்கிற தண்ணீரை விடாமல் பிடித்துவைக்கிற கட்சி. அந்தப் பிடி விட்டால் அவையும் சாகும். மயில்சிகை பிடித்துவைக்க முயல்வதே இல்லை. காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவுக்குத் தானும் காய்கிறது.

எண்ணில் சொன்னால் வித்தியாசம் உறைக்கும். பெரும்பாலான பயிர்கள் மண்ணின் நீரியல் திறன் (வாட்டர் பொட்டென்ஷியல்; எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு வறட்சி) −1.5 மெகாபாஸ்கலுக்கு வரும்போது வாடி நிமிர முடியாமல் போகும். 30 டிகிரி வெப்பத்தில் 50% ஈரப்பதம் உள்ள காற்றின் நீரியல் திறன் −96 மெகாபாஸ்கல் அளவில் இருக்கும். அந்தக் காற்றோடு சமநிலைக்கு வந்த இலையில் ஒரு கிராம் உலர் எடைக்கு சுமார் 0.1 கிராம் தண்ணீர்தான் மிச்சம். அங்கே போய் உயிரோடு திரும்புகிற இலை பூக்கும் தாவரங்களில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் உண்டு. பெரணியிலும் பாசியிலும் (சுவரில் படர்கிற மாஸ்) இன்னும் தாராளம்.

இனி உள்ளே நடப்பது. காயக் காய முதலில் வருவது இயந்திரச் சேதம். செல்லின் உள்ளடக்கம் சுருங்க, சுவர் விறைப்பாக நின்றால் சவ்வு சுவரிலிருந்து பிய்ந்து கிழியும். மீளும் தாவரங்களில் சுவரே மடிகிறது. ஆப்பிரிக்காவின் மீளும் செடிகளில் ஒன்றான கிராட்டரோஸ்டிக்மாவில் எக்ஸ்பான்சின் போன்ற புரதங்கள் சுவரை இளக்கிக்கொடுக்கின்றன. அங்கேயே உள்ள மைரோதாம்னஸ் புதரில் அராபினோஸ் என்ற சர்க்கரை மிகுந்த பாலிமர்கள் சுவரை வளைய வைக்கின்றன. ஸீரோஃபைட்டா என்ற இன்னொரு மீளும் செடி வேறு வழி பிடிக்கிறது: ஒரே பெரிய வாக்குவோலை (செல்லின் நீர்ப்பையை)ப் பல சின்னவையாகப் பிரித்து, தண்ணீர் இருந்த இடத்தை வேறு பொருளால் நிரப்பிக்கொள்கிறது. அதனால் செல் அந்த அளவுக்குச் சப்பிப்போவதில்லை.

அடுத்து வெளிச்சம். தண்ணீர் குறைந்தால் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கிற வேலை நின்றுவிடும், ஆனால் பச்சையம் ஒளியை வாங்குவதை நிறுத்தாது. செலவாகாத அந்த ஆற்றல் ஆக்சிஜன் மேல் ஏறி, சவ்வையும் புரதத்தையும் அரிக்கிற தீவிர மூலக்கூறுகளாக மாறும். ஸீரோஃபைட்டா விஸ்கோசா பச்சையத்தையும் அது பதிந்திருக்கிற தைலகாய்டு சவ்வடுக்குகளையும் தானே கலைத்துவிட்டு, ஈரம் வந்ததும் மறுபடி கட்டுகிறது. பாதுகாப்பான வழி, ஆனால் பச்சை திரும்ப நாளாகும். கிராட்டரோஸ்டிக்மா மாதிரி இனங்கள் பச்சையத்தில் பெரும்பகுதியை வைத்துக்கொண்டே இலையைச் சுருட்டி நிழல் போட்டுக்கொள்கின்றன. கூடவே ஆந்தோசயனின், குளூட்டதயோன், அஸ்கார்பேட், ஆக்சிஜனேற்றத் தடுப்பு நொதிகள் எல்லாம் பெருகும். 'எலிப்' என்று ஒரு புரதக் குடும்பம் உண்டு, ஒளியின் தாக்கத்தைத் தணிப்பது. அதன் மரபணுக்கள் மீளும் தாவரங்களில் வரிசை வரிசையாக நகலெடுக்கப்பட்டிருப்பதை 2019-இல் காட்டினார்கள். உங்கள் மயில்சிகை பழைய இலையோடு சீக்கிரம் பச்சையாவதால், பச்சையத்தை வைத்துக்கொள்கிற பக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதன்பின் புரதங்கள். இங்கே 'லியா' புரதங்கள்தான் கதாநாயகர்கள். 1981-இல் பருத்தி விதையில், விதை முற்றும் கடைசிக் கட்டத்தில் குவிவதாக லியோன் டூர் குழு கண்டது. நம் கரிசல்காட்டுப் பருத்திக் கொட்டைக்குள்ளும் இருப்பதுதான். இந்தப் புரதங்களுக்குத் தண்ணீரில் நிலையான வடிவமே கிடையாது, தளர்ந்த நூலாக மிதக்கும். காயக் காயத்தான் பல லியாக்கள் சுருளாக மடியும். அந்த நிலையில் மற்ற நொதிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடாமல் இடையில் நிற்கும், சில சவ்வின் மேல் படியும். தண்ணீர் வற்றும்போதுதான் வேலைக்கு வருகிற புரதம், அதுதான் இதில் விசேஷம்.

சவ்வுக்கு வருவோம். பாஸ்போலிப்பிட் தலைகளுக்கு நடுவே தண்ணீர் இருப்பதால்தான் அவை விலகி நிற்கின்றன. தண்ணீர் போனால் நெருங்கி, இளகிய நிலையிலிருந்து இறுகிய நிலைக்கு மாறும். டைபால்மிட்டாயில் பாஸ்படிடைல்கோலின் என்ற லிப்பிட் நீரில் சுமார் 41 டிகிரியில் இளகும். காய்ந்தால் 100 டிகிரி தாண்டினால்தான் இளகும். சவ்வு இறுகிக் கிடக்கும்போது தண்ணீரை ஊற்றினால், மறுபடி இளகும் அந்த நேரத்தில் ஓட்டையாகி உள்ளிருப்பதெல்லாம் கசிந்துவிடும். சர்க்கரையின் ஹைட்ராக்சில் குழுக்கள் தண்ணீரின் இடத்தில் உட்கார்ந்து லிப்பிட்களை விலக்கிவைத்தால் இந்த விபத்து நடக்காது.

இந்தச் சர்க்கரை எது என்பதில்தான் உங்கள் ட்ரெஹலோஸ் வருகிறது. அந்தக் கதை பெரும்பாலும் ஈஸ்ட்டையும் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் இறாலின் முட்டையையும் வைத்து எழுதப்பட்டது. பெரணிக்குத் தூரத்து உறவான செலாஜினெல்லாவில் ட்ரெஹலோஸ் ஏராளம், உண்மை. பூக்கும் தாவரங்களில் மைரோதாம்னஸ் போல ஒன்றிரண்டைத் தவிர வேலை செய்வது சுக்ரோஸ், நாம் காப்பியில் போடுகிற அதே சீனி. கிராட்டரோஸ்டிக்மா இலை ஈரமாக இருக்கும்போது ஆக்டுலோஸ் என்ற எட்டுக் கார்பன் சர்க்கரையைச் சேமித்துவைத்து, காயும்போது அதை இறக்கிச் சுக்ரோஸாக ஏற்றுகிறது. இலையின் உலர் எடையில் 40% வரை சர்க்கரையே.

ஏன் சுக்ரோஸ், குளுக்கோஸ் ஆகாதா? குளுக்கோஸ் புரதத்தின் அமினோ குழுவோடு வினைபுரிந்து பழுப்பேறச் செய்யும். சுக்ரோஸுக்கு அந்தக் குணம் இல்லை. ஆனால் சுக்ரோஸ் தனியாக இருந்தால் படிகமாகிவிடும், படிகம் சவ்வைக் காக்காது. அதனால் கூடவே கொஞ்சம் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற பெரிய சர்க்கரைகள். அவை கலந்த சுக்ரோஸ் படிகமாகாமல் கண்ணாடியாக உறையும். கடலைமிட்டாய்ப் பாகு பதம் தப்பினால் பூத்துப்போகிறது, பதம் சரியாக இருந்தால் பளபளவென்று உடைகிறதே, அதேதான். கண்ணாடி நிலையில் மூலக்கூறுகள் நகர்வது ஏறத்தாழ நின்றுவிடும், கெடுக்கிற வினைகளும் கூடவே நிற்கும். வெயிலும் ஈரக்காற்றும் சேர்ந்தால் மிட்டாய் பிசுபிசுக்கிற மாதிரி இந்தக் கண்ணாடியும் இளகும். முழுக்கக் காய்ந்த இலையைவிட அரைகுறையாகக் காய்ந்த இலை சீக்கிரம் கெடுவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே "ட்ரெஹலோஸ்" என்று ஒரே சொல்லில் எழுதினால் மதிப்பெண் கொடுக்காதீர்கள். சர்க்கரை, லியா, சுவர், ஒளித்தடுப்பு எல்லாம் சேர்ந்த ஏற்பாடு இது. இவற்றை ஏற்றப் பல மணி நேரம் பிடிக்கும். பூக்கும் தாவரங்களில் பலவற்றை ஒரு மணி நேரத்தில் காயவைத்தால் செத்துவிடும், ஓரிரு நாள் எடுத்துக் காயவைத்தால் பிழைக்கும். பாசிகள் மட்டும் விதிவிலக்கு. சின்ட்ரிக்கியா போன்ற பாசி காப்புப் பொருட்களை எப்போதும் தயாராக வைத்திருந்து, பழுதுபார்க்கத் தேவையான எம்.ஆர்.என்.ஏ.வையும் கட்டிப் பத்திரப்படுத்தி, நனைந்ததும் மராமத்தைத் தொடங்கும்.

---

பெரணிப்_பித்து பதில்:

ஒரு எச்சரிக்கை. கோயில் வாசல் கடைகளில் "சஞ்சீவி மூலிகை" என்று சுருண்ட செலாஜினெல்லா விற்பார்கள். தண்ணீரில் போட்டால் விரியும். அது உயிருக்கு அத்தாட்சி இல்லை. தண்டின் ஒரு பக்கச் சுவர் மறு பக்கத்தைவிட அதிகமாக உப்புவதால் விரிகிறது, செத்த தண்டும் அப்படியே விரியும். வகுப்பில் காட்ட நல்ல வழி உண்டு: ஒரு கொத்தை 105 டிகிரி ஓவனில் ஒரு இரவு வைத்து எடுத்து, பிறகு தண்ணீரில் போடுங்கள். அதுவும் விரியும். ஆகவே "விரிந்தது, எனவே மீண்டது" என்று யாரும் அறிக்கை எழுதக்கூடாது.

இன்னொன்று, அழகர்மலை, சிறுமலை எல்லாம் காப்புக்காடு, அனுமதி இல்லாமல் ஒரு இலை பறிக்கக்கூடாது. ஊர்க் கிணற்றுச் சுவர் மயில்சிகை போதும். புல் வேண்டுமென்றால் சரளை நிலத்தில் ஓரோபீட்டியம் தோமேயம் தேடுங்கள். விரல் நீளம்கூட இருக்காது. கதிர் ஒல்லியாக, லேசாக வளைந்து, சிறுகதிர்கள் தண்டின் குழிக்குள்ளேயே மாறி மாறிப் புதைந்திருக்கும், லென்ஸ் வைத்தால் பளிச்சென்று தெரியும். தென்னிந்தியாவில் பரவலான மீளும் புல் இது. 2015-இல் இதன் மரபணுத்தொகுதியை வரிசைப்படுத்தினார்கள். சுமார் 245 மெகாபேஸ் (24.5 கோடி எழுத்து), நெல்லைவிடச் சிறியது.

---

தராசும்_தண்ணீரும் பதில்:

இரண்டாவது கேள்விக்கு. ஃப்ளூரோமீட்டர் வேண்டாம். ஒரு மில்லிகிராம் பிரிக்கும் தராசு, மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் பேனா வடிவ இ.சி. மீட்டர் (தண்ணீரின் மின்கடத்துதிறனை அளப்பது), மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாக்கள், அவ்வளவுதான். தராசு பள்ளியில் இல்லாவிட்டால் தெற்காவணி மூலவீதிப் பக்கம் நகைத் தராசு விற்கிற கடையில் கேளுங்கள். 10 மில்லிகிராம் மட்டும் பிரிக்கிறதை வாங்கிவிடாதீர்கள், மயில்சிகை இலை ஒன்றின் எடையே அவ்வளவு சொற்பம். எப்படியும் பத்து இலையைச் சேர்த்தே நிறுங்கள்.

மண்கட்டியோடு முழுச் செடியாக எடுங்கள், இலையைக் கிள்ளிக் காயவைக்க வேண்டாம். பல இனங்களில் கிள்ளிய இலை மீளாது. இரண்டு நாள் நனைத்து வைத்துவிட்டுத் தொடங்கவும்.

காயவைக்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதுதான் பாதி வேலை. ஃபேனுக்கு அடியிலோ வெயிலிலோ வைத்தால் வேகத்தால் செத்ததா, வெளிச்சத்தால் செத்ததா, காய்ந்ததால் செத்ததா என்று பிரிக்க முடியாது. உப்புக் கூழ் வைத்து ஈரப்பதத்தை நிறுத்துங்கள். 5 லிட்டர் டப்பாவுக்கு 200 கிராம் உப்பு, அதில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஈர மணல் மாதிரி ஆக்க வேண்டும். கரையாத உப்பு எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சோடியம் குளோரைடு 75% தரும், 30 டிகிரியில் −40 மெகாபாஸ்கல். மெக்னீசியம் குளோரைடு சுமார் 33% தரும், அது −155 பக்கம். முதலில் 75 டப்பா, எடை நின்றதும் 33 டப்பா. நாள் கணக்கு பார்க்காதீர்கள், காலையும் மாலையும் நிறுத்து இரண்டு எடை ஒத்துப்போனால் மாற்றுங்கள். செடி கூழில் படாமல் வலைத்தட்டு வைக்கவும், டப்பாவை நிழலில் வைக்கவும். 75% டப்பாவில் தேவைக்கு மேல் விட்டுவைத்தால் நம் ஊர்ச் சூட்டில் பூஞ்சை பிடித்துவிடும்.

பக்கத்திலேயே தட்டைப்பயறுச் செடியையும் அதே டப்பாவில் வையுங்கள். ஒப்பீடு இல்லாவிட்டால் சோதனைக்கு அர்த்தம் இல்லை.

நீரளவு: அந்தந்தக் கட்டத்து எடையிலிருந்து உலர் எடையைக் கழித்து, உலர் எடையால் வகுக்கவும். உலர் எடைக்கு 70 டிகிரி ஓவனில் 48 மணி நேரம். 33 டப்பாவில் 0.1-க்கு வெகுவாக மேலே நின்றால் இன்னும் காயவில்லை, இல்லை மூடி கசிகிறது.

உயிர் இருக்கிறதா என்பதற்குக் கசிவுச் சோதனை: சவ்வு சிதைந்தால் செல்லுக்குள் இருக்கும் உப்புகள் தண்ணீரில் கசிந்து மின்கடத்துதிறனைக் கூட்டும். காய்ந்த இலையை நேராகத் தண்ணீரில் போடக்கூடாது, இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். உலர்செல் சொன்ன அந்தச் சவ்வு இளகும் நேரத்தில் உயிருள்ள இலையும் கசியும். அடியில் வெறும் தண்ணீர் வைத்த மூடிய டப்பாவில் ஒரு இரவு ஆவி ஈரம் ஏற்றிவிட்டு, பிறகு ஒரு நாள் நனைத்துவைத்து, அதன்பின் அளக்கவும். இலையைக் கழுவி, ஒரே எடை அளவாக 50 மில்லி தண்ணீரில் இரண்டு மணி நேரம் வைத்து மீட்டர் பார்க்கவும். பிறகு இலையோடு 20 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, மறுபடி பார்க்கவும். முதல் அளவை இரண்டாவதால் வகுத்து நூறால் பெருக்கினால் கசிவு விழுக்காடு. பயறு இலையில் பெரும்பகுதி கொதிக்கும் முன்பே வெளியே வந்திருக்கும், மயில்சிகையில் சொற்பமே வர வேண்டும்.

தண்ணீருக்கு கேன் வாட்டர் ஆகாது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி, மீட்டரில் 10 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கொதிக்கும்போது வற்றியதைக் குறியீடு வரை அதே தண்ணீரால் நிரப்பவும். இரண்டு அளவும் ஒரே வெப்பத்தில் இருக்க வேண்டும். ஒரு டிகிரிக்குச் சுமார் 2% கூடும், சூடாகவே அளந்தால் கணக்கு கோணல்.

---

நாகமலை_உயிரியல்:

மிக்க நன்றி. உப்புக்குக் கடைக் கல்லுப்பு போதுமா? அப்புறம் அந்த மூன்றாவது கேள்வி அப்படியே நிற்கிறது.

---

கரிசல்காட்டான் பதில்:

நெல்லுக்குக் கொண்டுவருவது பற்றி. 1996-லேயே வாற்கோதுமையின் லியா மரபணு ஒன்றை நெல்லில் ஏற்றினார்கள். வறட்சியையும் உப்பையும் ஓரளவு கூடுதலாகத் தாங்கியது. காய்ந்து மீளவில்லை. ஒரு மரபணுவில் ஆகிற காரியம் இல்லை என்பது மேலே படித்தாலே தெரியும். இன்னொன்று, மீளும் செடிகள் எல்லாம் குள்ளம், மெதுவாக வளர்பவை. உலர் எடையில் பாதிக்குப் பக்கம் சர்க்கரைக் காப்புக்கு ஒதுக்குகிற செடி மூட்டை மூட்டையாக விளையாது. பிள்ளைகளிடம் இதை ஒளிக்காமல் சொல்லிவிடலாம்.

ஆனால் நெல்லுக்கு இந்த வித்தை ஏற்கெனவே தெரியும், விதையில். 12-13% ஈரத்தில் மூட்டையில் கிடக்கிற விதைநெல் செய்வது இதே வேலைதான்: அதே லியா, அதே சுக்ரோஸ்-ராஃபினோஸ் கண்ணாடி, அதே அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனின் ஆணை. மீளும் தாவரங்கள் விதையின் ஏற்பாட்டை இலையில் ஓட்டுகின்றன என்பதுதான் இப்போது வலுவாக உள்ள கருத்து. எல்லா விதைக்கும் இது வாய்ப்பதில்லை. நத்தம் பக்கத்து மாங்கொட்டை, பலாக்கொட்டை, நாவல் விதை மூன்றும் காய்ந்தால் செத்துப்போகும். பையில் உடனே ஊன்றச் சொல்வது அதனால்தான்.

விதை முளைவிட்டதும் இந்தத் திறன் போய்விடும். அதை வைத்து மலிவான சோதனை ஒன்று செய்யலாம், மயில்சிகையைவிட இது நிச்சயமாகப் பலிக்கும். பாசிப்பயறு ஐம்பது ஐம்பதாக நான்கு கூட்டம். ஒன்றை 6 மணி நேரம் ஊறவைத்து நிறுத்துங்கள். இரண்டாவது வேர்முனை எட்டிப்பார்த்ததும், மூன்றாவது வேர் அரை சென்டிமீட்டர், நான்காவது இரண்டு சென்டிமீட்டர். நான்கையும் நிழலில், பழைய எடைக்கு வரும்வரை காயவைத்து, மறுபடி ஈரத்துணியில் கட்டுங்கள். முதல் கூட்டம் முளைக்கும். வேர் நீள நீள மீள்வது குறைந்து, கடைசிக் கூட்டம் வேர் கருகி அழுகும். வேர்நுனியை வெட்டிக் கசிவுச் சோதனையும் செய்யலாம்.

மானாவாரிக்காரர்கள் செய்கிற விதை கடினப்படுத்துதலும் இந்தக் கோட்டின் மேல்தான் நிற்கிறது. புழுதி நெல்லுக்கு 1% பொட்டாசியம் குளோரைடு, அதாவது லிட்டருக்கு 10 கிராம். கிலோ விதைக்கு ஒரு லிட்டர் கரைசல், 16 மணி நேரம் ஊறவைத்து நிழலில் பழைய ஈரத்துக்குக் காயவைக்க வேண்டும். "ஒரு நாள் கூட ஊறட்டும்" என்று விட்டு முளை வெளியே வந்தபின் காயவைத்தால் விதை போச்சு. வெயிலில் சிமெண்டுத் தளத்தில் பரப்பினாலும் கெடும்.

சேமிப்புக்கு ஒரு கைக்கணக்கு: விதை ஈரத்தை ஒரு சதவீதம் குறைத்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பு, வெப்பத்தை 5 டிகிரி குறைத்தாலும் அப்படியே. காயவைத்ததை மழைக்காலத்தில் திறந்த சாக்கில் வைத்தால் கண்ணாடி இளகுகிற கதைதான்.

---

தராசும்_தண்ணீரும்:

கல்லுப்பு வேண்டாம் சார். அதில் மெக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும், மழைநாளில் உப்புச் சாடி கசிவதே அதனால்தான். ஈரப்பதம் 75-க்குக் கீழே இறங்கிவிடும், எவ்வளவு என்று சொல்ல முடியாது. ஆய்வகத் தரச் சோடியம் குளோரைடு அரைக் கிலோ வாங்கினால் இரண்டு டப்பாவுக்கு ஆகும். ஒரு சின்ன ஹைக்ரோமீட்டரையும் டப்பாவுக்குள் போட்டு, ஒரு நாள் கழித்து 73-77-க்குள் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுச் செடியை வையுங்கள். மண்கட்டி பெரிதாக இருந்தால் அதிலிருக்கிற தண்ணீரே டப்பாவை நிரப்பிவிடும், எலுமிச்சை அளவுக்கு மேல் வேண்டாம்.

---

பெரணிப்_பித்து:

மயில்சிகையைப் பிடுங்கும்போது சுவரிலிருந்து இழுக்காதீர்கள், கிழங்குத்தண்டு உடைந்துவிடும். முதல் நாள் சாயங்காலம் தண்ணீர் தெளித்துவிட்டு, காலையில் காரைத்துண்டோடு பெயர்த்து எடுங்கள். வேர் அறுந்த செடி மீளாவிட்டால் அது காய்ந்ததாலா அறுந்ததாலா என்று தெரியாமல் போகும். அதற்காக மூன்று செடியைக் காயவைக்காமல் ஈரத்திலேயே வைத்து, அவையும் கடைசி நாளில் எத்தனை விழுக்காடு கசிகின்றன என்று பாருங்கள்.